60 நாள் கெடு இருந்தும் அமெரிக்க பிரசிடென்ட்டோட போர் ஏன் நிக்க மாட்டேங்குது?

அமெரிக்க அரசியல் சட்டத்துல போர் அறிவிக்கிற அதிகாரம் காங்கிரஸுக்குத்தான், அதாவது அந்த ஊர் பார்லிமென்ட்டுக்கு; பிரசிடென்ட் படைகளுக்குத் தலைமை தளபதி மட்டும்தான். ஆனா காங்கிரஸ் முறைப்படி கடைசியா போர் அறிவிச்சது 1942 ஜூன்ல, பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல. அப்புறம் நடந்த கொரியா, வியட்நாம், ஈராக் எதுக்குமே அந்த அறிவிப்பு கிடையாது.

வியட்நாம்ல அத்தனை பேர் செத்து, கம்போடியா மேல ரகசியமா குண்டு போட்டதும் வெளிய வந்த பிறகுதான் 1973ல போர் அதிகாரத் தீர்மானம்னு ஒரு சட்டம் வந்துச்சு. அப்போ பிரசிடென்ட்டா இருந்த நிக்சன் கையெழுத்துப் போட மறுத்து வீட்டோ பண்ணாரு, ரெண்டு சபையும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட அதைத் தாண்டி நவம்பர் 7ல நிறைவேத்துனாங்க. படையைச் சண்டையில இறக்குனா 48 மணி நேரத்துல காங்கிரஸுக்கு ரிப்போர்ட் போகணும், அனுமதி கிடைக்கலன்னா 60 நாள்ல நிறுத்தணும், பத்திரமா வெளியேற இன்னொரு 30 நாள்.

2011ல லிபியால அந்த 60 நாள் தாண்டிருச்சு. நம்ம வீரர்கள் தரையில இல்ல, எதிர்ப்பக்கம் திருப்பிச் சுடுற ஆபத்தும் பெருசா இல்ல, அதனால இந்தக் கெடு இதுக்குப் பொருந்தாதுன்னு ஒபாமா அரசு சொல்லிருச்சு. சரி கோர்ட்டுக்குப் போகலாமேன்னா, 1999ல கொசோவோவுக்காக எம்பிக்கள் சிலர் போனாங்க, வழக்கு போட உங்களுக்குத் தகுதி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இதைவிடப் பெரிய அடி 1983ல விழுந்துச்சு. பிரசிடென்ட் கையெழுத்தே இல்லாம ரெண்டு சபையும் சாதாரண மெஜாரிட்டில படையைத் திரும்பக் கூப்பிடலாம்னு 1973 சட்டத்துல இருந்துச்சு. சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்குல, கையெழுத்துக்குப் போகாத அந்த மாதிரி முடிவுகள் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னதும் அந்த வழி அடைஞ்சு போச்சு. இப்ப போரை நிறுத்துற தீர்மானமும் போரை நடத்துறவர் மேஜைக்கே போகுது. 2019ல ஏமன் போர்ல அமெரிக்கா உதவக்கூடாதுன்னு ரெண்டு சபையும் ஓட்டு போட்டுச்சு, ட்ரம்ப் வீட்டோ பண்ணாரு, செனட்ல திரும்ப ஓட்டெடுத்தா 53க்கு 45, மூணுல ரெண்டு பங்கு வரல. போரைத் தொடங்கவே மெஜாரிட்டி வேணும்னு எழுதுன நாட்டுல, நிறுத்த மூணுல ரெண்டு பங்கு தேவைப்படுது, இது சட்டத்தையே தலைகீழா நிறுத்துற வேலை.

உண்மையில வேலை செஞ்ச ஆயுதம் பணம்தான். 1973 ஆகஸ்ட் 15க்கு மேல இந்தோசீனால சண்டைக்குக் காசு கிடையாதுன்னு காங்கிரஸ் சொன்னதால கம்போடியா மேல குண்டு விழுறது அந்தத் தேதியிலேயே நின்னுச்சு. ஆனா வீரர்கள் களத்துல இருக்கும்போது காசை நிறுத்த ஓட்டு போடுற தைரியம் நிறைய எம்பிக்களுக்கு வராது. அதனால அனுமதி கொடுக்கும்போதே அதுக்கு ஒரு காலாவதி தேதி போட்டுடணும்னு நான் உறுதியா நம்புறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அதே மாசம் படையை இறக்கக் கொடுத்த அனுமதியில அப்படி ஒரு தேதி இல்ல, அது இன்னும் அமல்ல இருக்கு.