எஸ்சீட்: தமிழில் உறுபொருள்

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் தோன்றிய கதையைப் படித்தால் ‘எஸ்சீட்’ என்ற சட்டச் சொல் கண்ணில் படாமல் போகாது. உயிலும் எழுதாமல் வாரிசும் இல்லாமல் ஒருவர் இறந்துபோனால் அவர் சொத்து அரசுக்குப் போய்ச் சேர்வதுதான் எஸ்சீட். அப்படிச் சேர்ந்த சொத்தையும் அதே பெயரால்தான் சொல்வார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வில்லியம் டேவி முன்னின்று கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டம் 1789 டிசம்பரில் நிறைவேறியது. சட்டம் போட்ட சட்டமன்றம் காசு ஒதுக்கவில்லை. அதற்குப் பதில், மாநிலத்துக்கு வந்து சேரும் வாரிசற்ற சொத்தையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தது. விடுதலைப் போரில் பணியாற்றியதற்காக வீரர்களுக்கு டென்னசிப் பக்கம் நிலம் ஒதுக்கியிருந்தார்களே, அவர்களில் வாரிசின்றி இறந்தவர்களின் பங்கும் இந்தக் கணக்கில் வந்தது. 1793 அக்டோபர் 12-இல் சேப்பல் ஹில்லில் அடிக்கல் நாட்டினார்கள். 1795 பிப்ரவரியில் வந்து சேர்ந்த ஹின்டன் ஜேம்ஸ்தான் முதல் மாணவர். இரண்டு வாரம் அவர் ஒருவர்தான் மாணவர்!

கொடுத்ததை 1800-இல் சட்டமன்றமே திரும்பப் பிடுங்கிக்கொண்டது. வழக்கு நடந்தது. அப்படிப் பிடுங்கியது செல்லாது என்று 1805-இல் தீர்ப்பு வந்தது.

இதில் ஒரு கறையும் உண்டு. அடிமைகளையும் சொத்தாகவே எண்ணிய காலம் அது. உடையவர் வாரிசின்றி இறந்தால் அந்த மனிதர்களும் ‘எஸ்சீட்’ ஆனார்கள். பல்கலைக்கழகம் அவர்களை விற்றுப் பணமாக்கியது. நிறுவனப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். விழுதல் என்று பொருள்படும் ‘கதேரே’ என்ற லத்தீன் வினைதான் வேர். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துச் சட்டத்துக்குள் நுழைந்தது. வாரிசற்ற நிலம் பிரபுவின் பங்கில் ‘விழுகிறது’ என்ற கருத்து. அதை வசூலிக்கப் போன அதிகாரிகள் செய்த அட்டூழியத்தில், ஏமாற்று என்று பொருள்படும் ‘சீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்தே பிறந்தது.

தமிழில் ‘வாரிசற்ற சொத்து’ என்று எழுதுகிறோம். புரிகிறது, ஆனால் அது யாரிடம் போகிறது என்பதைச் சொல்லவில்லை. குறள் 756-இல் ‘உறுபொருளும் உல்குபொருளும்’ (உல்கு என்றால் சுங்கம்) என்று வேந்தனுக்குரிய பொருள்களைச் சொல்லும் இடத்தில் நமக்கு வேண்டிய சொல் கிடைக்கிறது. உடையவர் இல்லாததால் தானாக வந்து சேர்ந்த பொருளே உறுபொருள் என்கிறார் பரிமேலழகர். நிலத்தில் கிடந்து பிறகு கண்டெடுத்ததும், தாயத்தார் பெறாததும் அதில் அடங்கும் என்றும் விரிக்கிறார். தாயத்தார் என்றால் பங்காளிகள், வாரிசுகள். முதல் வகைக்குப் ‘புதையல்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதற்கு இந்தியாவில் 1878-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே உறுபொருளை எஸ்சீட்டுக்கே ஒதுக்கிவிடலாம். வினையாக வேண்டுமென்றால், ‘நிலம் அரசுக்கு உறுபொருளாயிற்று’ என்று எழுதலாம்.