பழைய காடிக்கு எஞ்சின் கழுவப் போறீங்களா, ஜெட்டை முதல்ல கீழ வைங்க

தோட்டத்து டவுன்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறதால எங்ககிட்ட வர்றது இன்னமும் பழைய சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில்னு அந்தக் காலத்து காடிங்கதான் ஜாஸ்தி. செம்மண் தூசி, செம்பனை நாரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேந்து எஞ்சின் மேல அடை மாதிரி ஒட்டிக்கிடக்கும், அதைக் கழுவணும்னு நினைக்கிறது ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா தீபாவளி நெருங்குனா போதும், போனெட்டைத் தொறந்து சூட்டோட சூடா ஜெட் தண்ணி (மெஷின்ல வேகமா பீச்சுற தண்ணி) அடிச்சிட்டு, அப்புறம் ஸ்டார்ட் ஆகலைன்னு லாரியில இழுத்துட்டு வர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

இந்த காடிங்கள்ல டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கு, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிறது அதுதான், அதோட மூடிக்குள்ள ஈரம் போனா கரண்டு பிளக்குக்குப் போகாம வழியிலயே கசிஞ்சிரும். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டருக்கு மூடி கிடையாது, காத்து போற ஓட்டை வழியா தண்ணி நேரா காயிலுக்குப் போயிரும். வயர் சாக்கெட்டுல இருக்கிற ரப்பர் பல வருஷ சூட்டுல காஞ்சு வெடிச்சிருக்கும், புதுசுல தண்ணியைத் தடுத்த மாதிரி இப்ப தடுக்காது. அது போக எஞ்சின்ல இருந்து புகை வெளிய போற குழாய், அந்தக் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, திடீர்னு குளிர்ந்தா விரிசல் விடலாம். அதனால எஞ்சின் நல்லா ஆறணும், கை வச்சா சுடக்கூடாது.

அடுத்தது எலி, இதை யாரும் பெருசா எடுத்துக்கிறதே இல்ல. தோட்டப் பக்கம் ராத்திரி நிறுத்துற காடியில கூடு கட்டிரும். எலி மூத்திரத்துல இருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும், மலாய்ல கென்சிங் திக்குஸ்னு சொல்றாங்களே அதே நோய்தான், கையில சின்ன கீறல் இருந்தாலே உள்ள போயிரும். கூட்டைப் பாத்தா வெறும் கையால அள்ளாதீங்க, காஞ்ச துடைப்பத்தால தட்டாதீங்க. ரப்பர் கிளவுஸ், மாஸ்க் போட்டு, குளோராக்ஸ் (துணி வெளுக்கிற பிளீச்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு 5 நிமிஷம் விட்டுட்டு எடுங்க, அப்புறம் ஈரத் துணியால அந்த இடத்தை நல்லா துடைச்சிருங்க. வேற எந்த கெமிக்கலோடயும் குளோராக்ஸைக் கலக்கவே கூடாது. அப்புறம் காய்ச்சல், கெண்டைக்கால் வலின்னு வந்தா கிளினிக்ல எலிக் கூடு எடுத்ததை மறக்காம சொல்லுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். பேட்டரியில நெகட்டிவ் வயரை முதல்ல கழட்டுங்க, திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. இது ஏன்னா நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழட்டுற ஸ்பேனர் பாடியில பட்டா பெரிய ஸ்பார்க் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையால இறுக்கிக் கட்டுங்க. தண்ணியில கரையிற டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற மருந்து) தெளிச்சு, காய விடாம, பழைய பல் துலக்குற பிரஷ், பெயிண்ட் பிரஷ்ஷால தேய்ங்க, பெல்ட் மேல மட்டும் படக்கூடாது, வழுக்கிக் கத்தும். பழைய வயரை இழுத்துத் தேய்க்காதீங்க, உறை நொறுங்கிரும். கழுவுறதுக்கு ஹோஸ்ல மெதுவா விடுற தண்ணியோ ஈரத் துணியோ போதும். வழியிற எண்ணெயைத் துணியில ஒத்தி எடுங்க, கால்வாய்ல விட்டா ஆத்துக்குத்தான் போகும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுறதை இன்னும் சில பேர் விடல. தயவுசெஞ்சு விட்டுருங்க. ஆவி போனெட்டுக்குள்ள நிக்கும், ஒரு சின்ன ஸ்பார்க் போதும், தீ பிடிச்சிரும். ரப்பர் ஹோஸும் உப்பி கெட்டுப் போகும்.

காடியைப் பேர் மாத்த புஸ்பகோம் (காடி சோதிக்கிற இடம்) போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், எஞ்சின் நம்பர் தெரியணும்னா முழுசா கழுவணும்னு இல்ல, அந்த இடத்தை மட்டும் டிகிரீசர் துணியால துடைங்க. இரும்பு பிரஷ்ஷால சுரண்டாதீங்க, நம்பர்ல கீறல் விழுந்தா கைவச்சிட்டாங்களோன்னு சந்தேகம் வரும்.

முடிஞ்சதும் பையெல்லாம் எடுத்து, போனெட் தொறந்தபடி நல்லா காய விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்ள துடைச்சிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு திரும்ப போனெட்டைத் தொறந்து பாருங்க, சுத்தமா இருக்கிறதால எண்ணெய் எங்க கசியுதுன்னு இப்பத்தான் சரியா தெரியும். வால்வ் கவர் கேஸ்கெட்ல (எஞ்சின் மேல் மூடிக்கு அடியில எண்ணெய் கசியாம இருக்க வைக்கிற பட்டை) இருந்து எக்ஸாஸ்ட் பக்கம் வழியுதுன்னா தள்ளிப் போடாம உடனே மாத்திருங்க, சூடான இரும்புல எண்ணெய் சொட்டுனா புகையோட நிக்காது.