கைதட்டலை எடுத்துட்டா கச்சேரி ஸ்டூடியோ ஆல்பம் ஆகிடுமா?

கிங் கிரிம்சன்ங்கற இங்கிலாந்து ராக் குழுவோட ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ 1974-ல வந்த ஆல்பம், கேட்டா ஸ்டூடியோல பண்ணின மாதிரிதான் இருக்கும், ஆனா அதுல பெரும்பகுதி மேடையில வாசிச்சது, முக்கியமா 1973 நவம்பர் 23 அன்னிக்கு ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபாவ் ஹால்ல. கூட்டத்தோட சத்தத்தை எடுத்துட்டாங்க. அதே கச்சேரி 1997-ல ‘தி நைட் வாட்ச்’னு கைதட்டலோட தனியா வந்துச்சு, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு கேக்க முடியுது.

எப்படி எடுக்க முடிஞ்சதுன்னா, ராக் கச்சேரில மைக்கை டிரம்ஸுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒட்டினாப்ல வைப்பாங்க. நேரா வர்ற சத்தம் தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், அதனால கிட்ட இருக்கற வாத்தியம் மைக்ல பலமா விழும், தள்ளி இருக்கற கூட்டமும் ஹாலோட எதிரொலியும் அடியில போயிடும்.

ஹால்ல இருக்கறவங்களுக்கு அப்படியே தலைகீழ். மேடையிலிருந்து சில மீட்டர் தாண்டினாலே சுவர்லயும் கூரையிலயும் பட்டு திரும்பி வர்ற சத்தம்தான் ஜாஸ்தி. கன்செர்ட்கெபாவ் 1888-ல திறந்த ஹால், ஆர்க்கெஸ்ட்ராவுக்குன்னே பேர் போனது, ஒரு சத்தம் அடங்க கிட்டத்தட்ட 2 செகண்ட் ஆகும். வயலினுக்கு அருமை. ஆனா இந்த ஆல்பத்துல வர்ற ‘ஃப்ராக்சர்’ங்கற பாட்டுல ராபர்ட் ஃப்ரிப் வாசிக்கற அந்த வேகமான கிட்டார், ஒரு ஸ்வரம் அடங்கறதுக்குள்ள அடுத்தடுத்த ஸ்வரம் அதுமேல வந்து விழுந்துடும், ஆல்பத்துல ஒவ்வொண்ணா எண்ணலாம் போல கேக்கறது பின்வரிசையில அப்படி கேட்டிருக்கவே வாய்ப்பில்ல.

ஆல்பத்துல போயிடறது வேற. சத்தம் குறைய குறைய நம்ம காதுக்கு தாழ்ந்த ஸ்வரங்கள்தான் முதல்ல மங்கும், இதை ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே அளந்து காட்டிட்டாங்க. ஹால்ல நெஞ்சுல வந்து இடிக்கற பேஸ், வீட்ல வால்யூமை குறைச்சு கேட்டா பாதி காணாம போறது அதனாலதான்.

அப்புறம் அதே கச்சேரில வாசிச்ச ‘ட்ரியோ’. முன்கூட்டி எழுதாம மேடையிலயே உருவானது, வயலின், பேஸ், மெல்லோட்ரான் (டேப்ல பதிஞ்ச வாத்திய சத்தங்களை வாசிக்கற கீபோர்டு) மட்டும்தான். டிரம்மர் பில் புருஃபோர்ட் ஒரு அடி கூட அடிக்கல, அடிக்காம இருந்ததுக்காகவே அவர் பேரையும் இசையமைச்சவங்கள்ல சேர்த்தாங்க! ஹால்ல இருந்தவங்க டிரம்ஸ் பின்னாடி சும்மா உக்காந்திருந்த ஆளை பாத்துட்டே, இப்ப சேருவாரா இப்ப சேருவாரான்னு காத்திருக்க முடிஞ்சது. ரெக்கார்டிங்ல அந்த ஆளே இல்ல, மூணு வாத்தியம்தான் இருக்கு. என்னை கேட்டா தெளிவுக்கு 1974 ஆல்பம், ஆனா ‘ட்ரியோ’வை 1997-ல வந்ததுலதான் கேக்கணும், வால்யூமை நல்லா ஏத்தி வச்சு.