நாவலுக்காகப் பேப்பர் போடாதீர்கள்

"சார், பேப்பர் போட்டுட்டேன். ஆறு மாசத்துல நாவல முடிச்சிடுவேன். எடிட் பண்ணிக் கொடுக்க எவ்வளவு ஆகும்?"

இந்த வருஷம் பெங்களூரிலிருந்து மட்டும் இப்படி வந்த நான்காவது கேள்வி இது. மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஏரியா மாறுகிறது, வசனம் மாறுவதில்லை. எடிட்டிங் கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த ராஜினாமாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுத முடியாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சுஜாதா இதே ஊரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வேலையில் இருந்தபடியேதான் வார இதழ்களுக்குத் தொடர்கதை கொடுத்தார். நாஞ்சில் நாடனுக்கு மும்பையில் கம்பெனி உத்தியோகம், விற்பனைக்காக ஊர் ஊராக அலைச்சல். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குத் தினமும் போய் வந்தவர். ஆந்தனி டிராலப் இங்கிலாந்தில் தபால் துறை ஊழியர். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தார். இத்தனை பேர் கண்முன்னே இருக்கும்போது நம்மவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு மலைவீடு, ஜன்னலோர மழை, ஆறிப்போன காபி எல்லாம் தேவைப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில நாவலின் சொல் எண்ணிக்கையை இங்கே அளவுகோலாக வைக்கக் கூடாது. தமிழில் 60,000 சொல் என்றால் டெமி அளவில், அதாவது நாவல்கள் வழக்கமாக வரும் புத்தக அளவில், ஏறக்குறைய 300 பக்கம். முதல் நாவலுக்கு அது தாராளம். ஒரு நாளைக்கு 250 சொல், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 1,250 ஆகிறது. 48 வாரத்தில் 60,000. தீபாவளி, பொங்கல், ஊரில் கல்யாணம், புராஜெக்ட் டெட்லைன் எல்லாவற்றுக்கும் வருஷத்தில் நாலு வாரம் மிச்சம். 250 சொல்லை அடிக்க முக்கால் மணி நேரம் போதும். சில்க் போர்டு சிக்னலில் அதைவிட அதிக நேரம் நிற்கிறீர்கள்.

"நேரம் இருக்கு சார், மனசு ஒட்டல" என்பார்கள். வேலையை விட்டால் ஒட்டுமா? எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கை இதுதான். நாள் முழுக்கக் காலியாக இருந்தால் நாள் முழுக்க எழுதுவோம் என்கிறார்கள். எழுதமாட்டீர்கள். முதல் இரண்டு வாரம் உற்சாகமாக ஓடும், நாளைக்கு ஆயிரம் சொல்கூட வரும். மூன்றாவது வாரத்தில் கதை எங்கேயாவது முட்டும். முட்டாத நாவல் கிடையாது. வேலையில் இருப்பவர் அன்றைக்கு 90 சொல்லோடு மடிக்கணினியை மூடிவிட்டு ஆபீஸ் கிளம்பிவிடுவார். பஸ்ஸில் போகும்போது பின்மனது அந்த முடிச்சைத் தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும். வேலையை விட்டவருக்கோ போக இடமில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து, முன்னேற முடியாததால் பின்னால் போய் முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பிப்பார். மறுநாளும் திருத்துவார். என்னிடம் வரும் பிரதிகளில் இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். முதல் 20 பக்கம் பளபளவென்று இழைத்த தேக்கு, நாற்பதாம் பக்கத்தில் பிளைவுட், நூறைத் தாண்டினால் வெறும் சாரம் கட்டிய மூங்கில். கதாநாயகனின் தங்கை பெயர்கூட நடுவில் மாறியிருக்கும். கோப்பின் பெயர் மட்டும் "ஃபைனல் 7".

அதனால் முதல் வரைவு முடியும்வரை முந்தைய நாள் எழுதிய கடைசிப் பக்கத்துக்கு மேல் திரும்பிப் படிக்காதீர்கள். மாற்றம் தோன்றினால் தனி நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் பாதியில் நிறுத்துங்கள். அடுத்த வசனம் என்னவென்று தெரிந்தே படுத்தால் மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 400 ரூபாய் விலை, 10 சதவீத ராயல்டி, 500 பிரதி. அத்தனையும் விற்றுத் தீர்ந்தாலும் 20,000 ரூபாய். பெங்களூரில் ஒரு மாத வாடகை. வீட்டு அட்வான்ஸ் பக்கம் போகவே வேண்டாம். ராஜினாமாவோடு கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போகும். அதில் அப்பா அம்மாவின் பெயரும் இருந்தது அடுத்த ஆஸ்பத்திரிச் செலவின்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது.

சரி, தொடர்ச்சியான நாட்கள் தேவையே இல்லையா? தேவை. ஆனால் முதல் வரைவுக்கு இல்லை, இரண்டாவதற்கு. முதல் வரைவைத் துண்டு துண்டாக எழுதலாம். திருத்தும்போதுதான் 300 பக்கமும் ஒரே நேரத்தில் தலைக்குள் நிற்க வேண்டியிருக்கிறது. லீவைச் சேர்த்து வையுங்கள். பத்து வேலை நாள் லீவு, முன்னும் நடுவும் பின்னும் சனி ஞாயிறு, ஆக 16 நாள். முதல் மூன்று நாள் முழுப் பிரதியையும் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். திருத்தாதீர்கள், ஓரத்தில் கோடு மட்டும் போடுங்கள். நான்காம் நாள் அத்தியாயத்துக்கு ஒரு வரி வீதம் "இதில் என்ன மாறுகிறது" என்று எழுதுங்கள். அந்த வரி வராத அத்தியாயம் நாவலில் இருக்க வேண்டியதில்லை, எவ்வளவு அழகான மழை அதில் பெய்தாலும் சரி. அடுத்த பத்து நாள் திருத்தம். கடைசி இரண்டு நாள் உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாட்டி மயிலாப்பூர்த் தமிழ் பேசினால் அப்போது உங்கள் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நான்காம் நாளிலேயே இன்னொரு தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறந்த வருஷம் போடுங்கள். சமீபத்தில் வந்த பிரதி ஒன்றில் அம்மா 1962இல் பிறந்தவர், மூத்த மகனுக்கு 2010இல் வயது 38. அதாவது அம்மாவின் பத்தாவது வயதில் பிள்ளை. ஊரின் தேதிகளும் அப்படியே. 1991 டிசம்பர் காவிரிக் கலவரக் காட்சியில் செல்போன் ஒலிக்கிறது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலையில்தான். 1998இல் காதலர்கள் அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தச் சிலை 1991இலிருந்து மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9இல்தான் திறக்கப்பட்டது. மூடிக் கிடந்த சிலைக்கு அடியில் காதலர்கள் என்றால் எவ்வளவு நல்ல காட்சி, அதைக் கோட்டைவிட்டிருக்கிறார் ஆசிரியர். எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏற வேண்டுமானால் 2011 அக்டோபர் 20 ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நாங்களும் கோட்டைவிடுவோம்.

தட்டச்சு பற்றி ஒரே ஒரு விஷயம். யூனிகோடில் அடியுங்கள், பழைய எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். யூனிகோடிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'கோமதி'யின் 'கோ'வை ஒரே குறியாகவும் அடிக்கலாம்; இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பல மென்பொருள்களுக்கு வேறு வேறு. பாதியில் கோமதியைப் பார்வதியாக்கலாம் என்று தேடி மாற்றுவீர்கள். பாதி இடத்தில் மாறும், பாதி இடத்தில் கோமதி அப்படியே உட்கார்ந்திருப்பாள். 'கௌசல்யா'வை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு அடிப்பவர்களுக்கும் இதே கதிதான். ஒரே விசைப்பலகையில் ஆரம்பித்து அதிலேயே முடியுங்கள்.

தயவுசெய்து ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதீர்கள். கடைசி நாள் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது நாவலும் போய்விடும், சில இடங்களில் அதற்கு முன்பே கணக்கை முடக்கிவிடுகிறார்கள். பணியின் பகுதியாகச் செய்ததற்குத்தான் முதலாளிக்குப் பதிப்புரிமை, உங்கள் நாவல் அதில் வராது. ஆனாலும் அந்த வாதத்துக்கே ஏன் இடம் கொடுக்க வேண்டும்? சொந்தக் கணினி, ஒரு பென்டிரைவ், ஒரு மின்னஞ்சல். மூன்று இடத்திலும் அன்றன்றைய தேதி போட்ட கோப்பு இருக்கட்டும்.

பதிப்பகத்திடமிருந்து ஒப்பந்தம் வந்தால் "நிரந்தரமாக" என்ற சொல்லைத் தேடி நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமை எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருஷம்தான், எழுதிக் கொடுத்துவிட்டால் எழுதியதுதான். புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்பவரிடம் நீங்கள் வாடிக்கையாளர், எழுத்தாளர் அல்ல. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு அதை இலவசமாகத் தருகிறது.

ஏற்கெனவே பேப்பர் போட்டாயிற்றா? நோட்டீஸ் காலம் இன்னும் ஓடுகிறதா? பெங்களூரில் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் இருக்குமே. அப்படியானால் திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் போய், திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து 250 சொல் அடித்துவிட்டுப் படுங்கள். எடிட்டிங் கட்டணத்தை 48 வாரம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.