மொமென்ட்டை மறந்த ஃபுட்டிங்

வீடு கட்டும்போது கடைக்கால் (தூணின் அடியில் போடும் கான்கிரீட் ஃபுட்டிங்) அளவு பெரும்பாலும் ஒரே வகுத்தலில் முடிந்துவிடுகிறது. தூணில் இறங்கும் லோடு, ஃபுட்டிங் எடைக்காக அதோடு ஒரு பத்து சதவீதம், எல்லாவற்றையும் மண்ணின் எஸ்.பி.சி.யால் (மண் பாதுகாப்பாகத் தாங்கும் அழுத்தம்) வகுத்தால் பரப்பளவு கிடைக்கும். அதற்கு வர்க்கமூலம் எடுத்துச் சதுர ஃபுட்டிங் போட்டுவிடுகிறார்கள். கட்டடத்தின் நடுவில், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் பீம் வந்து சேரும் தூணுக்கு இந்தக் கணக்கு போதும். ஓரத் தூண், மூலைத் தூண், போர்ட்டிகோவைத் தாங்கும் தூண், ஷெட் தூண் இவற்றில் லோடோடு மொமென்ட்டும் (தூணை வளைத்துச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை) சேர்ந்து இறங்குகிறது. அப்போது மண்ணின் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரு விளிம்பில் ஏறும், மறு விளிம்பில் இறங்கும். ஏறுகிற விளிம்பைத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்துவிடலாம். தூண் 300 × 450 மி.மீ. சர்வீஸ் லோடு (எந்த மடங்கும் பெருக்காத உண்மையான சுமை) 600 கிலோநியூட்டன், அதாவது சுமார் 60 டன். தூணின் 450 மி.மீ. திசையில் 90 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட். எஸ்.பி.சி. சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன். பத்து சதவீதம் சேர்த்தால் 660. 150-ஆல் வகுத்தால் 4.4 சதுர மீட்டர். ஆக, 2.1 × 2.1 மீட்டர் ஃபுட்டிங். சராசரி அழுத்தம் 149.7, பார்க்கக் கச்சிதம். ஆனால் மொமென்ட்டை செக்‌ஷன் மாடுலஸால் (அகலம் × நீளத்தின் வர்க்கம் ÷ 6) வகுத்துக் கூட்டினால் ஒரு விளிம்பில் 208, மறு விளிம்பில் 91. ஒரு பக்கம் மண் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதலாகச் சுமக்கிறது.

ஃபுட்டிங்கை மொமென்ட் வரும் திசையில் நீட்டுவதுதான் சிக்கனமான வழி. 2.0 × 2.9 மீட்டர் வைத்தால் சராசரி 114, மொமென்ட்டின் பங்கு 32. அதிகபட்சம் 146, குறைந்தபட்சம் 82. இதே ஃபுட்டிங்கைத் திசை மாற்றிப் போட்டால், அதாவது 2.0 மீட்டர் பக்கம் மொமென்ட் திசையில் வந்தால், 160 ஆகிவிடும். மார்க்கிங் போடும்போது நீளமும் அகலமும் மாறிப்போவது சைட்டில் சாதாரணமாக நடப்பது. பிளானில் திசை தெரியாமல் வெறும் அட்டவணையில் அளவு எழுதி அனுப்பினால், அது டிசைனரின் தவறு. மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது.

மொமென்ட்டை லோடால் வகுத்தால் வருவது எக்ஸென்ட்ரிசிட்டி. அது ஃபுட்டிங் நீளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒரு பக்கம் மண்ணை விட்டுத் தூக்கும். அதன்பின் மேலே சொன்ன சூத்திரம் செல்லாது. மூலைத் தூணில் இரண்டு திசையிலும் மொமென்ட் இருக்கும். இரண்டின் பங்கையும் கூட்டி, நான்கு முனைகளில் மோசமான முனையைப் பார்க்க வேண்டும்.

கணக்கில் எடுக்கும் மொமென்ட் எந்த மட்டத்தில் உள்ளது என்பதும் முக்கியம். சாஃப்ட்வேர் மாடலில் சப்போர்ட்டைத் தரைமட்டத்தில் வைத்துவிட்டு, ஃபுட்டிங்கின் அடியை 1.5 மீட்டர் கீழே போடுகிறோம். அந்த சப்போர்ட்டில் 20 கிலோநியூட்டன் கிடைவிசை இருந்தால், அடிமட்டத்தில் 30 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் கூடுதலாக வந்துவிடும். ‘சப்போர்ட்டை பின்டு (சுழலக்கூடிய இணைப்பு) என்று கொடுத்தேன், மொமென்ட் பூஜ்ஜியம்’ என்பதும் இதே வகைதான். தூணின் கம்பிகளை முழு நீளத்துக்கு ஃபுட்டிங்கில் இறக்கிக் கட்டிவிட்டு, அந்த இணைப்பு சுழன்று கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

சாயில் ரிப்போர்ட்டில் இருக்கும் எஸ்.பி.சி. நெட்டா (ஏற்கெனவே இருந்த மண்ணின் எடையைக் கழித்தது), கிராஸா (கழிக்காத மொத்தம்) என்று பார்க்காமல் பத்து சதவீதம் சேர்க்கக் கூடாது. நெட் மதிப்பு என்றால், தோண்டிய மண்ணுக்கும் அந்த இடத்தில் வரும் கான்கிரீட்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் சேர்ந்தால் போதும். பத்து சதவீதம் தாராளம். கிராஸ் என்றால், 1.5 மீட்டர் ஆழத்தில் இந்த 2.0 × 2.9 ஃபுட்டிங்கும் அதன் மேல் மண்ணும் சேர்ந்தே 170 கிலோநியூட்டனைத் தாண்டும். தரையை உயர்த்தக் கொட்டும் ஃபில்லிங், நெட் கணக்கிலும் கூடுதல் சுமைதான்.

மொமென்ட் எப்போதும் ஒரே பக்கமாக வருகிறது என்றால் இன்னொரு வழி உண்டு. போர்ட்டிகோ கான்டிலீவர் (ஒரு பக்கம் மட்டும் தாங்கி நீளும் பகுதி) கிழக்கே நீண்டிருக்கிறது, அது இரவும் பகலும் கிழக்கு விளிம்பையே அழுத்துகிறது. இப்படி நிலையாக நிற்கும் மொமென்ட், காற்றால் வந்து போவதைவிடக் களிமண்ணில் ஆபத்தானது. அழுத்தம் கூடிய பக்கம் காலப்போக்கில் அதிகமாக இறங்கி ஃபுட்டிங் சாயும். இங்கே ஃபுட்டிங்கின் மையத்தைத் தூணின் மையத்திலிருந்து 90 ÷ 600 = 0.15 மீட்டர் கிழக்கே நகர்த்தினால் போதும். அழுத்தம் சமமாகிவிடும், அந்த 2.1 மீட்டர் சதுரமே தாங்கிவிடும். தவறிப்போய் மேற்கே நகர்த்தினால் விளிம்பு அழுத்தம் 266. எனவே நகர்த்திய தூரத்தை கிரிட் கோட்டிலிருந்து வரைபடத்தில் குறிக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். காற்று, நிலநடுக்கம் போல இரு பக்கமும் மாறி வரும் மொமென்ட்டுக்கு இது உதவாது.

பரப்பளவுக்கு சர்வீஸ் லோடு, கான்கிரீட்டுக்கு ஃபேக்டர்டு லோடு (பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கியது). இரண்டையும் கலந்துவிடாமல் 2.0 × 2.9 ஃபுட்டிங்குக்குத் தொடர்வோம். 1.5 மடங்கில் 900 கிலோநியூட்டன், 135 கிலோநியூட்டன்-மீட்டர். ஃபுட்டிங்கின் சொந்த எடையை மண் நேராக ஏந்திக்கொள்வதால் அது இங்கே வேண்டாம். அழுத்தம் ஒரு முனையில் 203, மறுமுனையில் 107. தூண் முகத்தில் மீட்டர் அகலத்துக்கு 142 கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது. சராசரி அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால் 116 மட்டுமே கிடைத்திருக்கும்.

மொத்த கனம் 550 மி.மீ., கவர் 50, பயனுள்ள ஆழம் (மேல்முகத்திலிருந்து கம்பியின் மையம் வரை) 490 என்று வைத்துக்கொள்வோம். எம்25 கான்கிரீட், எஃப்.இ. 500 கம்பி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி தூண் முகத்திலிருந்து 490 தள்ளி ஒருவழி ஷியர் (ஃபுட்டிங்கை அகலம் முழுக்க ஒரே கோட்டில் வெட்டப் பார்க்கும் விசை) பார்த்தால் சதுர மி.மீ.க்கு 0.287 நியூட்டன். நீளத் திசையில் 12 எம்.எம். கம்பி 140 இடைவெளியில் கொடுத்தால் அனுமதி சுமார் 0.30. நூலிழையில் தேறுகிறது. பஞ்சிங் ஷியர் (தூண் ஃபுட்டிங்கைத் துளைத்து இறங்கப் பார்ப்பது) 0.46 மட்டுமே, அனுமதி 1.25. நீண்ட ஃபுட்டிங்கில் கனத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஒருவழி ஷியர். பஞ்சிங் மட்டும் பார்த்துவிட்டு ‘சேஃப்’ என்று எழுதிவிடுவது பரவலான பழக்கம். குறுக்குத் திசையில் குறைந்தபட்சக் கம்பியான 0.12 சதவீதமே மிஞ்சுகிறது: 12 எம்.எம்., 170 இடைவெளி. நீளத் திசைக் கம்பிதான் கீழ் வரிசையில் வர வேண்டும்.

இதே ஃபுட்டிங்கைச் செலவு குறைக்க ‘சிலோப்’ வைத்து, தூணருகே 550, விளிம்பில் 200 என்று போட்டால் என்ன ஆகும்? ஷியர் பார்க்கும் இடத்தில் மொத்த கனமே சுமார் 425-ஆகக் குறைந்திருக்கும். அங்கே ஷியர் 0.39-ஐ நெருங்கும், அனுமதி 0.34. தேறாது. கம்பி கூட்டினால் கொஞ்சம் ஏறும், கனம் கூட்டினால் நிச்சயம் தேறும். போதாக்குறைக்கு, சரிவில் போட்ட கான்கிரீட் வைப்ரேட்டர் வைத்ததும் கீழே வழியும் என்பதால் பலர் வைப்ரேட்டரே வைப்பதில்லை. மிச்சமாகும் கான்கிரீட்டின் விலையைப் பார்த்தால் சிறிய வேலைகளுக்கு ஒரே கனத்தில் போடுவதே மேல்.

எல்லையை ஒட்டிய தூண்தான் இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றுவது. பக்கத்து மனைக்குள் போக முடியாது என்பதால் ஃபுட்டிங்கை நம் பக்கமாக மட்டும் தள்ளுகிறார்கள். 300 மி.மீ. தூண், ஃபுட்டிங் எல்லையிலிருந்து உள்ளே 1.5 மீட்டர், எல்லை நெடுக 2.0 மீட்டர், லோடு 400 கிலோநியூட்டன். சராசரி 133 தான். ஆனால் தூண் ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து 0.6 மீட்டர் விலகி நிற்கிறது. ஆறில் ஒரு பங்கு என்பது 0.25 தான். தூண் வளைவை ஏற்காமல் லோடு தனியாக இறங்கினால் எல்லை ஓரத்தில் அழுத்தம் 889, எஸ்.பி.சி.யைப் போல் ஆறு மடங்கு. ‘பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் பீம்) கட்டியிருக்கிறோமே’ என்பது வழக்கமான பதில். 240 கிலோநியூட்டன்-மீட்டரைச் சமாளிக்க 230 × 300 பீமால் முடியாது.

உள்தூண் 4 மீட்டரில் இருந்தால், இரண்டு ஃபுட்டிங்கையும் இணைக்கும் ஸ்ட்ராப் பீம் போடலாம். அப்போது எல்லை ஃபுட்டிங்கில் 471 கிலோநியூட்டன் இறங்கும், அளவு 1.5 × 2.4 ஆகும், உள்தூண் ஃபுட்டிங்கில் 71 குறையும். ஃபுட்டிங்கின் உள்விளிம்பில் ஸ்ட்ராப்புக்கு ஃபேக்டர்டு மொமென்ட் சுமார் 280, மேற்புறம் இழுவிசை. அதாவது முக்கியக் கம்பி மேலே. வழக்கமான பீம் என்று நினைத்துக் கனமான கம்பியைக் கீழே கட்டிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப்பின் அடியில் மண்ணைத் தளர்த்திவிட வேண்டும்; அது மண்ணில் உட்கார்ந்தால் கணக்கு மாறிவிடும்.

ஷெட் தூணில் சிக்கல் தலைகீழ். லோடு 60, காற்று மொமென்ட் 60 என்றால் எக்ஸென்ட்ரிசிட்டி 1 மீட்டர். 2 மீட்டர் ஃபுட்டிங் பாறைமேல் வைத்தாலும் கவிழும் விளிம்பில்தான் நிற்கும். இங்கே தேவை எடை: ஆழமும் மேல்மண்ணும். கவிழ்வுக்கு எதிரான நிலைச்சுமையை 0.9 மடங்காகவே எடுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456. தூக்கும் பக்கத்தில் மேல்மண் கீழே அழுத்துவதால் ஃபுட்டிங்கின் மேற்புறத்திலும் கம்பி வலை வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளில் தூணின் ஸ்டார்டர் கம்பிகளை (தூணுக்காக ஃபுட்டிங்கிலிருந்து மேலே நீட்டி நிற்கும் கம்பிகள்) நூல் பிடித்துப் பாருங்கள். கட்டுக்கம்பியில் மட்டும் நிறுத்திய ஸ்டார்டர், வைப்ரேட்டர் தட்டியதும் 50 மி.மீ. நகர்வது சாதாரணம். 600 கிலோநியூட்டன் தூணில் அது 30 கிலோநியூட்டன்-மீட்டர், நம் 2.0 × 2.9 ஃபுட்டிங்கின் விளிம்பு 146-லிருந்து 157-க்குப் போய்விடும். கம்பியை மேலே வளைத்துத் தூணை இடத்துக்குக் கொண்டுவந்தாலும் வளைந்த இடத்தில் இன்னொரு பலவீனம் சேரும். ஃபுட்டிங்கின் கம்பி வலையோடு கட்டி, மேலே சட்டம் போட்டு, நான்கு பக்கமும் தாங்கல் கொடுத்த பிறகே கான்கிரீட் லாரியை வரச் சொல்ல வேண்டும்.