அனுமதிக் கடிதத்தின் அடியில் இருக்கும் நிபந்தனைகள்

போராட்ட வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர் என்ற முறையில், அனுமதி மறுக்கும் உத்தரவுகளைவிட அனுமதி வழங்கும் உத்தரவுகளையே நான் கூடுதல் கவனத்துடன் படிப்பது வழக்கம். கூடலாம், ஆனால் ஒலிபெருக்கி கூடாது. நிற்கலாம், ஆனால் பிரச்சினைக்குப் பொறுப்பானவரின் பெயரைச் சொல்லி முழக்கமிடக் கூடாது என்று நிபந்தனைகள் நீளும். கூடும் உரிமையைக் கொடுத்துவிட்டுக் கூடியதன் காரணத்தைச் சொல்லும் உரிமையைப் பிடுங்கிக்கொள்ளும் இத்தகைய உத்தரவை எதிர்த்தும் வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அடியைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்குச் சொல்லைத் தவிர வேறு பலம் கிடையாது. 1930 மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பளத்தை நோக்கி நடந்த சத்தியாகிரகிகள் தடுக்கக் கையைக்கூட உயர்த்தாமல் தடியடிபட்டு விழுந்தனர். அமெரிக்கச் செய்தியாளர் வெப் மில்லர் அதை நேரில் கண்டு எழுதி, அந்தச் செய்தி உலகெங்கும் அச்சேறியிராவிட்டால், அது அந்த உப்பளத்தோடு முடிந்துபோன ஒரு தடியடியாகவே இருந்திருக்கும்.

சொல்லை அடக்கத் தடிதான் வேண்டும் என்பதில்லை. நஷ்டஈட்டு வழக்கும் போதும். 1960-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஆதரவாளர்கள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியிட்ட முழுப்பக்க விளம்பரத்தில் சில தகவல் பிழைகள் இருந்தன. நான்கு முறை கைதான கிங்கை ஏழு முறை கைதானதாகக் குறிப்பிட்டது அவற்றுள் ஒன்று. விளம்பரத்தில் பெயரே இடம்பெறாத, ஆனால் அதில் விமர்சிக்கப்பட்ட காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன் தொடுத்த அவதூறு வழக்கில், அலபாமா நீதிமன்றம் 5,00,000 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்பதைப் பொருட்படுத்தாமலோ கூறப்பட்டது என்று நிரூபிக்காமல் பொது அதிகாரி நஷ்டஈடு பெற முடியாது என்றது. பதிப்பாளரோடு நான்கு கறுப்பினப் போதகர்களும் அந்த வழக்கில் பிரதிவாதிகளாக்கப்பட்டிருந்தனர் என்பதை மறந்துவிடுகிறோம். குறி யார்மீது இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலானது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளைபோர்ன் வட்டாரக் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டு வெள்ளையர் கடைகளுக்கு எதிராக 1966-இல் தொடங்கிய புறக்கணிப்பு. புறக்கணிப்பை மீறியவர்களின் பெயர்கள் தேவாலயத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. கேட்பவரைச் சங்கடப்படுத்துகிறது, நெருக்குகிறது என்பதற்காக மட்டும் பேச்சு பாதுகாப்பை இழந்துவிடாது என்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், வன்முறையால் நேர்ந்த இழப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. கூட்டத்தில் ஒருவர் கல்லெறிந்தால் பேசியவர்கள் அனைவரும் குற்றவாளிகள் என்ற வாதம் நீதிமன்றங்களில் எனக்குப் பழகிப்போன ஒன்று (பெரும்பாலும் அதை வைப்பவர்கள் முழு உரையைப் படித்திருக்க மாட்டார்கள்).

ஆகவே என்னிடம் வருவோரிடம் நான் கேட்பவை சிலதான்: நிபந்தனைகளை எழுத்தில் பெற்றீர்களா, துண்டறிக்கையின் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தீர்களா, உரையை முதலிலிருந்து முடிவுவரை பதிவு செய்தீர்களா? முப்பது விநாடித் துணுக்கை எதிர்த்தரப்பு காட்டும்போது, அதற்கு முன்னும் பின்னும் பேசியதை நாம் காட்ட வேண்டியிருக்கும்.