இரண்டு வன்தட்டு, ஒரே நிரை: ரெய்ட் 0 போட்டால் கேம் எவ்வளவு வேகமாகும்?

பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி, கிராபிக்ஸ் கார்ட் செருகி கேம் ஆடுபவர்கள் ஹட்டனிலும் பதுளையிலும் நிறையப் பேர். அப்படிப்பட்ட வீட்டில் கழற்றிப் போட்ட 1 டெராபைட் வன்தட்டு ஒன்றிரண்டு எப்படியும் கிடக்கும். பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே தட்டுபோல இயக்கும் முறைக்கு ரெய்ட் என்று பெயர். "ரெண்டையும் சேர்த்து ரெய்ட் 0 போட்டா ஸ்பீட் டபுள்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரெய்ட் என்ற பெயர் பரவியது 1988இல், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால். அதில் 1 முதல் 5 வரையான வகைகளே இருந்தன. ஒரு தட்டு செத்தாலும் தரவு பிழைப்பதுதான் அவற்றின் நோக்கம். 0 பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு பூச்சியம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. கோப்பு 128 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்படும் என்று வைப்போம். இப்படி வெட்டிப் பிரிப்பதுதான் ஸ்ட்ரைப், துண்டின் அளவே ஸ்ட்ரைப் அளவு. முதல் துண்டு முதல் தட்டுக்கு, இரண்டாவது இரண்டாவது தட்டுக்கு, மூன்றாவது மீண்டும் முதல் தட்டுக்கு. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நிரையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் கொழுந்து இரட்டிப்பு வேகத்தில் கூடைக்கு வரும், அதே கணக்கு. ஆனால் மலை ஏறி நிரைக்குப் போய்ச் சேரும் நேரம் ஆள் கூடியதால் குறையாது. மலைக்கு ஒன்றாக ஒரு பிடி கொழுந்து கேட்டால், நாள் முழுவதும் நடையிலேயே போய்விடும்.

வன்தட்டில் அந்த நடைக்கு அளவு உண்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று வேகத் தட்டு ஒரு முறை சுழல 8.33 மில்லிசெக்கன், வேண்டிய இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, 4.17. தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 முதல் 9 வரை. ஆக, ஒவ்வொரு சிதறிய வாசிப்புக்கும் ஏறத்தாழ 12.5 மில்லிசெக்கன்.

ஒரு கேம் மட்டம் திறக்க 3,200 மெகாபைட் தொடர்ச்சியாகவும், 2,000 சிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அங்குமிங்குமாகவும் வாசிக்க வேண்டும், சுருக்கத்தை அவிழ்க்க சிபியுவுக்கு 15 செக்கன் தேவை என்று ஒரு கணக்குப் போடுவோம். செக்கனுக்கு 160 மெகாபைட் தரும் ஒற்றைத் தட்டில் 20 + 25 + 15, மொத்தம் 60 செக்கன். ஸ்ட்ரைப் போட்ட இரண்டு தட்டில் 10 + 25 + 15, அதாவது 50. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றில் சிதறிய வாசிப்பு அரைச் செக்கனுக்குள் முடிவதால் மொத்தமே 22க்குள் அடங்கும். ஃபிரேம் எண்ணிக்கையை எதிர்பார்த்து இதைச் செய்யவே வேண்டாம். அது கிராபிக்ஸ் கார்டும் சிபியுவும் பார்க்கும் வேலை.

ஸ்ட்ரைப் அளவைக் குறைத்தால் சிறு கோப்பும் வேகமாகும் என்று நினைப்பது இங்கே பலரும் செய்யும் பிழை. 48 கிலோபைட் கோப்பு ஒன்றை 16 கிலோபைட் ஸ்ட்ரைப்பில் வைத்தால் அது இரு தட்டிலும் சிதறும். இரண்டு தலையும் நகர வேண்டும். பிந்தி வருவதற்காக மற்றது காத்திருக்க வேண்டும். இரு தட்டும் ஒத்திசைந்து சுழல்வதில்லை என்பதால், சராசரிக் காத்திருப்பு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றாக, 4.17இலிருந்து 5.55 மில்லிசெக்கனாக ஏறிவிடும். கேமுக்கு 128 அல்லது 256 கிலோபைட் வையுங்கள்.

உண்மையில் நடையைக் குறைக்கும் வழி வேறு. தட்டின் வெளி விளிம்புத் தடங்கள் உள் தடங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம். பார்ட்டிஷன் பிரிக்கும்போது முதலில் வருவது அந்த விளிம்புதான். 2 டெராபைட் தொகுதியில் முதல் 600 கிகாபைட்டை மட்டும் கேமுக்கு ஒதுக்கினால் தலை குறுகிய தூரத்துக்குள்ளேயே அசையும். மிச்சத்தில் படமோ பாட்டோ வைக்கலாம், கேம் ஓடும்போது அதைத் தொடாவிட்டால் சரி.

தட்டுகள் ஒரே மாடலாக இருப்பது நல்லது. 500 கிகாபைட்டையும் 1 டெராபைட்டையும் சேர்த்தால் கிடைப்பது 1 டெராபைட்தான். வேகமும் மெதுவான தட்டைத்தான் பின்பற்றும். முதலில் தட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் மூல எண்ணும் பூச்சியமா என்று பாருங்கள். ஒன்று கூடியிருந்தாலும் அந்தத் தட்டை ஒதுக்குங்கள். தரவு கடத்தும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில்.

விண்டோஸைச் சிறிய எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் வெற்றிடத்தை வலது கிளிக் செய்து 'நியூ ஸ்ட்ரைப்ட் வால்யூம்' கொடுத்து, இரு தட்டையும் சேர்த்து என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யலாம். இதில் ஸ்ட்ரைப் 64 கிலோபைட், மாற்ற முடியாது. விண்டோஸிலேயே உள்ள இன்னொரு வசதியான ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் 'சிம்பிள்' தேர்ந்தால் 256. விண்டோஸ் ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் சரிப்படும். எதிலானாலும் தட்டில் இருந்ததெல்லாம் அழியும்.

பயோஸ் (மதர்போர்டின் அமைப்புத் திரை) வழியாகப் போகிறவர்கள் சாட்டா மோடை, தட்டுகளைத் தனித்தனியாக இயக்கும் ஏஹெச்சிஐ இலிருந்து ரெய்டுக்கு அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, மறுதொடக்கத்தில் பயோஸை மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை ஏறிய பின் அந்தத் தெரிவை நீக்குங்கள்.

ஆபத்தின் கணக்கு: ஒரு தட்டு ஒரு வருடத்தில் சாகும் வாய்ப்பு 5 வீதம் என்றால், இரண்டில் ஏதாவது ஒன்று சாகும் வாய்ப்பு 9.75 வீதம். எது செத்தாலும் மற்றதில் எஞ்சுவது ஒன்றுவிட்டு ஒன்று துண்டுகள், எதற்கும் உதவாது. கேம்தானே, திரும்ப டவுன்லோட் செய்யலாம் என்பவர்கள், 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 கிகாபைட் இறங்க 11 மணித்தியாலம் ஆகும் என்பதையும், டேட்டா பெக்கேஜின் அளவையும் சேர்த்துப் பார்க்கட்டும். சேவ் கோப்புகளை எஸ்எஸ்டியிலேயே வையுங்கள்.

நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பது தட்டைப் பாதிக்குமா? கேள்வி நியாயமானதே, தலை தட்டுக்கு மேல் சில நனோமீற்றர் உயரத்தில் காற்று மெத்தையில்தான் மிதக்கிறது. ஆனால் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை 3,048 மீற்றர். பிதுருதலாகல உச்சியே 2,524தான். கவலைப்பட வேண்டியது ஈரமும் குளிரும். பல தட்டுகளின் குறைந்தபட்ச இயங்கு வெப்பநிலை 5 பாகை; ஜனவரி உறைபனிக் காலையில் அறை அதற்கும் கீழே போகலாம். தட்டின் மூச்சுத் துளையை ஸ்டிக்கரால் மூடிவிடாதீர்கள். இரு தட்டையும் ஒட்டி மாட்டினால் அதிர்வு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். இடையில் ஒரு தட்டின் இடம் விட்டு, ரப்பர் வளையத்துடன் மாட்டுங்கள்.

கரண்ட் போவது வேறு தலைவலி. குரங்கைக் காரணம் காட்டிய 2025 பெப்ரவரி 9 மின்தடைபோல நாடே இருள வேண்டியதில்லை, ஒரு மரக்கிளை போதும். யூபிஎஸ் இல்லாவிட்டால், எழுத வேண்டியதைத் தட்டுக்குப் போகும் முன் நினைவகத்தில் தேக்கி வைக்கும் ரைட்-பேக் கேஷை அணைத்து வையுங்கள். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 48 வாட். பழைய பவர் சப்ளை திணறினால் ஒரு தட்டு பிந்தி எழும். கணினி அதைக் காணவில்லை என்று சொல்லும். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதென்றால் சந்தேகம் பவர் சப்ளை மேல்.

பயோஸில் செய்த ரெய்ட் ஒருநாள் காலை முற்றாகக் காணாமல் போனால், தட்டைத் திட்டும் முன் மதர்போர்டின் நாணய பேட்டரியைப் பாருங்கள். சிஆர் 2032 தீர்ந்ததும் பயோஸ் பழையபடி ஏஹெச்சிஐக்குத் திரும்பிவிடும். தரவு அங்கேயேதான் இருக்கும். பேட்டரியை மாற்றி, மீண்டும் ரெய்டைத் தேர்ந்து சேமித்தால் தொகுதி எழுந்து வரும். அதற்கு முன் விண்டோஸ் 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டால் கேன்சல் அழுத்துங்கள்.